தீர்த்தகிரியின் முகமும் ராயக்கோட்டை ரேட்டும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைக்கச் சொன்னாலும் அணைக்கலாம். ஒரு கை போதாதென்றால் இரண்டு கையாலும் அணைக்கலாம். சந்தேகப்படுகிறவர்கள் உத்தனப்பள்ளிக்குப் போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும். அங்கே யாராவது வேறு மாதிரி சொன்னால், அந்த ஆள் பொய் சொல்கிறார் என்று தெரிந்துகொண்டு திரும்பி வர வேண்டியதுதான்.

அந்த வருடம் தீர்த்தகிரிக்கு ஒரு குறையும் இல்லை. போர்வெல்லில் தண்ணீர் இருந்தது. தக்காளிச் செடி கொம்பு சாயுமளவுக்குக் காய்த்திருந்தது. மகள் சரிதா ஓசூரில் ஒரு கம்பெனியில் செல்போனுக்கு மூடி பொருத்தும் வேலையில் இருந்தாள். மனைவி செல்வம்மாள் செய்யும் கேழ்வரகுக் களி வழக்கம்போல உருண்டையாகத்தான் வந்தது. அப்படியிருக்க, ஒருநாள் விடியற்காலையில் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கலாம் என்று காலைத் தரையில் வைத்தார். கால் இருந்தது. தரையும் இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றை ஊன்றி நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது மட்டும் கிடைக்கவில்லை. காலை எடுத்து மறுபடி கட்டிலில் போட்டுக்கொண்டார்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மேலே இருக்கிற சிமெண்ட் ஷீட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அழுகை வரவில்லை. அழுகை வந்தால் அதற்காவது எழுந்து மூக்கைச் சிந்தலாம். நெஞ்சின்மேல் யாரோ ஈரச் சாக்கை மடித்து வைத்துவிட்டு எடுக்க மறந்து போனதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

ஊரார் வந்து காரணம் தேடிக் கொடுத்தார்கள். போர்வெல் போட்ட மூலை சரியில்லை என்றார் ஒருவர். சூளகிரியில் சவ ஊர்தியை முந்திக்கொண்டு வண்டி ஓட்டினீர்களா என்று கேட்டார் இன்னொருவர். மருந்தடித்த முட்டைக்கோஸைச் சாப்பிட்டால் மனசு வெளுத்துப் போகும் என்று மூன்றாவது ஆள் சொன்னார். அவர் தன் நிலத்தில் காலிஃபிளவர் போட்டிருந்தார். "எப்படி இருக்கே?" என்று எல்லாரும் கேட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் சரியாப் போயிடும்" என்று பதிலையும் அவர்களே சொல்லிவிட்டுக் காபி குடித்தார்கள். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லாத நோயாளியை எத்தனை தடவைதான் வந்து பார்ப்பது?

சரிதா லீவு போட்டு வந்து, அப்பாவைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போனாள். அங்கே டாக்டரம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"சர்க்கரை வந்தா ஏன் வந்துதுன்னு ஊர் கூடிப் பேசறோமா? மாத்திரை போடறோம். இதுவும் ஒரு நோவுதான். மாத்திரை எழுதறேன். தெம்பு கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்" என்றார். பிறகு சரிதாவிடம், செல்போனில் ஒரு ஆப் இருக்கிறது, மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு சேர்த்து, தினமும் காலையில் அது மனசு எப்படி இருக்கிறதென்று கேட்கும் என்று சொன்னார்.

தீர்த்தகிரி பக்கம் திரும்பி ஒரே ஒரு பத்தியம் சொன்னார். "அதுல மட்டும் பொய் சொல்லாதீங்க. யார் மனசு கோணக்கூடாதுன்னும் மாத்தி அழுத்தாதீங்க. இருக்கறது எதுவோ அது."

மறுநாள் விடியலில் தலைமாட்டில் இருந்த போன் மணியடித்தது. ஒரு பெண்குரல், பாடப் புத்தகத்தை வாசிப்பதுபோல், "வணக்கம் தீர்த்தகிரி. இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?" என்றது. திரையில் ஐந்து முகங்கள் வரிசையாக நின்றன. முதல் முகம் தாரைதாரையாக அழுதது. இரண்டாவது வாயைக் கீழே வளைத்திருந்தது. நடுவில் இருந்ததற்கு வாய் கோடு போட்டாற்போல் நேராக இருந்தது. நான்காவது சிரித்தது. ஐந்தாவது பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

தீர்த்தகிரி ஷீட்டைப் பார்த்தார். முகங்களைப் பார்த்தார். மறுபடி ஷீட்டைப் பார்த்தார். குரல் அவசரப்படவில்லை. சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. காபியும் கேட்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டு அது பாட்டுக்குக் காத்திருந்தது. வீட்டுக்குள் வந்து அவரை நலம் விசாரித்தவர்களில் பதிலுக்குக் காத்திருந்தது அது ஒன்றுதான். அவர் விரலை நீட்டி, அழுகிற முகத்தை அழுத்தினார்.

"புரிகிறது. சொன்னதற்கு நன்றி" என்றது குரல்.

ஒரு நாளில் அவர் செய்த வேலை அது ஒன்றுதான். ஆனால் அதை ஒழுங்காகச் செய்தார். நாட்கணக்கில் பல் துலக்காமல் இருந்திருக்கிறார்; முகத்தை அழுத்தாமல் இருந்ததில்லை. உலகத்தில் தான் சொல்கிற ஒரே உண்மை அங்கேதான் போய்ச் சேருகிறது என்று அவருக்குப் பட்டது. அதை மட்டும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தார். அந்தச் சமயத்தில் அவர் எதையாவது நினைத்தார் என்பதே பெரிய விஷயம்.

இதில் சரிதா ஒரு தப்புச் செய்துவிட்டாள். அழுத்துகிற முகம் உடனே நெருங்கினவர்களுக்கும் போகிற மாதிரி அந்த ஆப்பில் வசதி இருந்தது. ஓசூரில் ஷிப்டில் நின்றபடியே அப்பாவின் முகத்தைப் பார்க்கலாம் என்று, வீட்டு வாட்ஸப் குரூப்பை அதில் சேர்த்தாள். அப்பாவின் போனில் வீட்டு குரூப்புக்குப் படம் ஒரு தக்காளி. அதற்குக் கீழேயே இன்னொரு குரூப். அதற்கும் படம் தக்காளிதான். அது ராயக்கோட்டை மண்டிக்குக் காய் போடுகிற விவசாயிகளின் குரூப். அங்கே காலையில் ரேட் வரும். ரேட் வருவதற்கு முன்னால், மண்டியில் ஆள் வைத்திருப்பவர்கள் விலையை வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். வியாபாரிகளும் அதே குரூப்பில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஒரு முகத்தைப் போடுவார்கள். சிரித்த முகம் என்றால் பறிக்கலாம். அழுத முகம் என்றால் இன்றைக்குப் பறிக்காதே, ரேட் படுத்துவிட்டது. இந்தப் பழக்கம் அந்தப் பக்கம் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். சரிதாவுக்குத் தெரியாது, அவள் தக்காளியைச் சட்னியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

செல்வம்மாளின் தம்பி மணி, ராயக்கோட்டை மண்டியில் எடை போடுகிறவன். ஆகவே தீர்த்தகிரி வீட்டிலிருந்து விடியலில் தாரைதாரையாக அழுகிற முகம் ஒன்று குரூப்பில் வந்து விழுந்ததும், ஊரே அதை மணி சொல்லி அனுப்பிய சேதி என்று எடுத்துக்கொண்டது. அன்றைக்கு யாரும் பறிக்கவில்லை. மண்டிக்குக் காய் வரவில்லை. பெங்களூரிலிருந்து வந்த லாரிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இருந்த நாலு கிரேட் பெட்டிக்கு ஏலத்தில் போட்டி போட்டார்கள். ரேட் ஏறியது.

அடுத்த நாள் மறுபடி அழுகை. மறுபடி ரேட் ஏறியது. சீக்கிரமே ஊருக்குப் புரிந்துவிட்டது. தீர்த்தகிரி அழுதால் காய்க்கு மவுசு. அதற்குப் பிறகு எல்லாரும் போட்டி போட்டுப் பறித்த பின்னும் ரேட் ஏன் ஏறிக்கொண்டே போனது என்று கேட்கக் கூடாது. கிருஷ்ணகிரியில் பொருளாதாரம் நடத்துகிற வாத்தியார் ஒருவர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேலையை ராஜினாமா செய்தார். இப்போது குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாக இளநீர் வெட்டுகிறார்.

ஒரே ஒருநாள் மட்டும் பிசகிப் போனது. அன்றைக்கு விடியலில் திரையில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த இடம் பல் தெரியச் சிரிக்கிற முகம். தீர்த்தகிரி ஈயை விரட்டினார். விரல் பட்டுவிட்டது. "மிக்க மகிழ்ச்சி!" என்றது குரல்.

அன்றைக்கு ரேட் விழுந்த சத்தம் அத்திப்பள்ளி செக்போஸ்ட் வரைக்கும் கேட்டது. வந்த காயை வாங்க ஆளில்லாமல் சாலையில் கொட்டினார்கள். உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டை வரை சாலை சிவந்து போனது. ஒரு டவுன் பஸ் அதில் சறுக்கிக்கொண்டே போய், இன்ஜின் போடாமலேயே ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சரியான இடத்தில் நின்றது. கண்டக்டர் இறங்கி டிரைவரைப் பாராட்டினார். டிரைவர் பஸ்ஸில் இல்லை. உத்தனப்பள்ளியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மணி மொபெட்டில் வந்து இறங்கினான். கால் முழங்கால் வரைக்கும் சிவப்பு.

"மாமா, நீங்க ஏன் மாமா சிரிச்சீங்க?"

"நான் எங்கடா சிரிச்சேன். ஈ ஓட்டினேன்."

"ஈ ஓட்டினீங்களா! அங்க ஒவ்வொருத்தனும் மண்டி வாசல்ல உக்காந்து அழுதுகினு இருக்கான். நான் சொல்லித்தான் நீங்க முகம் போடறீங்கன்னு என் சட்டையப் புடிக்கிறானுங்க."

அப்போதுதான் தீர்த்தகிரிக்குத் தன் முகம் எங்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. மணி போனைக் காட்டினான். வரிசையாக அவருடைய அழுகைகள். ஒவ்வொரு அழுகைக்குக் கீழும் ஊர் ஆட்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். சிலர் கைகூப்பியிருந்தார்கள். ஒருவர் ரோஜாப்பூ போட்டிருந்தார்.

செல்வம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என் வூட்டுக்காரர் படுத்துக் கெடக்கறது இவனுங்களுக்குப் பண்டிகையாப் போச்சா? அத மொதல்ல நிறுத்துடா மணி" என்றாள்.

மணிக்கு நிறுத்தத் தெரியவில்லை. சரிதாவைக் கூப்பிட்டார்கள். "ஐயோ, ரெண்டும் தக்காளியா இருந்துதுப்பா! ஞாயித்துக்கிழமை வந்து மாத்திடறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தவன் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கங்கப்பன். கொல்லை முழுக்கப் பழுக்கிற பருவத்தில் காயை வைத்துக்கொண்டிருந்தவன். கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து, தீர்த்தகிரியின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்பாகக் கேட்டான்.

"அண்ணா, மனசு இன்னும் கஷ்டமாத்தானே இருக்குது?"

"இருக்குதுடா."

"அப்பாடா" என்றான் கங்கப்பன். பிறகு செல்வம்மாள் பார்ப்பதைப் பார்த்து, "இல்லண்ணி, மறைக்காம சொல்றாரே, அதச் சொன்னேன்" என்றான்.

அடுத்து வந்தவர் வியாபாரி திருமலை. ஓசூரில் குடோன், பெங்களூரில் கடை. எந்த ஊர்க்காரரிடம் எந்தப் பாஷை பேசுவது என்கிற சிக்கலை அவர் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் சேர்த்துப் பேசித் தீர்த்து வைத்திருந்தார்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா, சென்னாகிதீரா, பாகுன்னாரா?"

மூன்று பாஷையிலும் நன்றாக இல்லை என்று தீர்த்தகிரி தலையாட்டினார். திருமலையின் முகம் வாடியது. ஒரு தட்டு மைசூர்பாகை வைத்துவிட்டு, "ஐயா கொஞ்சம் சிரிக்கணும். பெங்களூர்ல ஓட்டல்ல ரசம் நிறுத்திட்டாங்க. ஜனங்க சாம்பார குடிச்சிட்டுக் கைய கழுவறாங்க" என்றார்.

அதிலிருந்து வாசலில் இரண்டு கட்சி. வேப்பமரத்துப் பக்கம் விவசாயிகள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வியாபாரிகள். விவசாயிகள் வரும்போது இழவு வீட்டுக்கு வருகிற மாதிரித் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு வருவார்கள். எங்கெங்கோ செத்த மாட்டையும் கருகிய பயிரையும் தேடிக் கொண்டுவந்து சொல்வார்கள். வியாபாரிகள் ஜாங்கிரி கொண்டுவருவார்கள். தீர்த்தகிரி ஒரு கட்சி சொல்வதையும் இன்னொரு கட்சி கொடுப்பதையும் அப்படியே வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விடியலில் தனக்கு இருந்தது எதுவோ அதை அழுத்தினார். பெரும்பாலும் அழுகைதான் இருந்தது. ஆனால் சில நாள் முதல் முகம் இல்லை, இரண்டாவது. இதை யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சரிதா வந்து இறங்கியவள் வாசலில் செருப்பு விட இடமில்லாமல் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தாள். போனைக் கையில் எடுத்தாள்.

"மன்னிச்சுக்கப்பா. இப்ப எடுத்துடறேன். இனிமே ஒருத்தனுக்கும் போவாது."

தீர்த்தகிரி வாசலைப் பார்த்தார். மாதக்கணக்கில் பூனைகூட வராத வாசல். இப்போது ஒருவன் தன்னைப் பார்த்துத் துண்டை எடுக்கிறான், ஒருவன் தன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான். தக்காளிக்காகத்தான் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தக்காளி தீர்ந்தால் போய்விடுவார்கள் என்பதும் தெரியும்.

"இருக்கட்டும்மா" என்றார்.

"என்னாப்பா சொல்ற? உன் நோவ வெச்சு ஏலம் உடறாங்க."

"கேக்கறாங்க இல்ல, எப்படி இருக்கேன்னு."

சரிதா போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, உள்ளே போய் அம்மாவோடு சேர்ந்து வாசல் ஜனத்துக்கு டீ போட ஆரம்பித்தாள். இரண்டு பேரும் வெகுநேரம் வெளியே வரவில்லை. டீயும் வரவில்லை.

விவசாயிகள் கடைசியாகப் பெரிய ஆயுதத்தை எடுத்தார்கள். பாரூரிலிருந்து நல்லுசாமியை வரவழைத்தார்கள். நல்லுசாமி துக்கக் கதை சொல்வதில் பேர்போன ஆள். ஒருதடவை கல்யாண வீட்டில் அவர் வாயைத் திறந்ததில், மாப்பிள்ளையே பெண்வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனானாம். அவர் கதை கேட்ட எருமை மோராகவே கறந்தது என்பதற்குப் பால் சொசைட்டியில் ஆதாரம் இருக்கிறது. திருமலை சும்மா இருப்பாரா? கூத்தில் கோமாளி வேஷம் கட்டுகிற கிருஷ்ணப்பனைக் கார் வைத்து அழைத்து வந்தார். கிருஷ்ணப்பன் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசியதில் தையல் போட்டவர்களுக்கெல்லாம் மறுபடி தையல் போட வேண்டியதாயிற்று.

இரண்டு பேரையும் கட்டிலுக்கு இருபுறமும் உட்கார வைத்தார்கள். நல்லுசாமி தொண்டையைக் கனைத்து, ஒரு தாய் ஆட்டின் கதையை ஆரம்பித்தார். கிருஷ்ணப்பன், அந்த ஆட்டுக்கு மாமியார் உண்டா என்று கேட்டார். நல்லுசாமி இதுவரை அதை யோசித்ததில்லை. யோசித்தார். உதடு துடித்தது. வாழ்நாளில் முதல்தடவையாகச் சிரித்தார். சிரித்துச் சிரித்து விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார். உருண்டுகொண்டே கதையின் மிச்சத்தையும் சொன்னார், தொழில் சுத்தம். அதைக் கேட்ட கிருஷ்ணப்பன், ஆட்டுக்குட்டி பாலுக்குக் கத்துகிற இடத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினார். அவரை வேப்பமரத்துக் கட்சியும் நல்லுசாமியைத் தொட்டிக் கட்சியும் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது கிருஷ்ணப்பன் இழவு வீடுகளுக்குப் போய் வருகிறார். நல்லுசாமிக்குக் கல்யாணச் சீசனில் தேதி கிடைப்பதில்லை.

தீர்த்தகிரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

கலவரம் முற்றிய அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. ஆப்பில் மூச்சுப் பயிற்சி இருந்தது. நீல வட்டம் ஒன்று மெதுவாக விரியும். மூச்சை இழுக்க வேண்டும். மெதுவாகச் சுருங்கும், விட வேண்டும். தீர்த்தகிரி அதைச் செய்கையில் வாசலில் காத்திருந்தவர்களும் வேறு வேலை இல்லாமல் கூடவே இழுத்துக் கூடவே விட ஆரம்பித்தார்கள். இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டதில் எதிர்வீட்டில் காயப்போட்டிருந்த வரமிளகாய் பறந்து கர்நாடகாவில் விழுந்தது. இழுக்கும்போது பாதி திரும்பி வந்தது. மீதி இன்னும் வழக்கில் இருக்கிறது.

பிறகு ஒரு விடியல். தீர்த்தகிரி கண் விழித்தார். போன் இன்னும் மணியடிக்கவில்லை. எங்கேயோ ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம். 'யாருது இது, தண்ணி இல்லாம காத்த இழுக்குதே, மோட்டார் காயிலு எரிஞ்சிடுமே' என்று நினைத்தார். நினைத்துவிட்டுத் திடுக்கிட்டார். அடுத்தவன் மோட்டாரைப் பற்றி அவர் நினைத்து எத்தனையோ மாதமாயிற்று. நெஞ்சைத் தடவிப் பார்த்தார். ஈரச் சாக்கு அங்கேதான் இருந்தது. ஆனால் யாரோ அதைக் கொஞ்சம் பிழிந்திருந்தார்கள்.

"வணக்கம் தீர்த்தகிரி. இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?"

முதல் முகத்தைப் பார்த்தார். அது இல்லை. இரண்டாவதையும் பார்த்தார். அதுவும் இல்லை. சிரிப்பு இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். அந்தப் பக்கம் இன்னும் விளக்கு எரியவில்லை. விரலை நடு முகத்துக்கு மேலே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

ஜன்னல் வழியே கங்கப்பன் பார்த்துவிட்டான். அன்றைக்கு அவன் கொல்லையில் ஒரு காய் பாக்கியில்லாமல் பழுத்திருந்தது. கிரேட்டுகளை அடுக்கி, ஆட்களை நிறுத்தி, அழுகைக்காகக் காத்திருந்தான். ஒரே ஓட்டமாக உள்ளே வந்தான்.

"அண்ணா! விரலு தப்பான எடத்துல நிக்குது."

"சரியாத்தான் நிக்குது."

"இன்னிக்கி ஒரு நாளு அழுதுடுண்ணா. நாளையிலேர்ந்து நீ எப்படி வேணா இரு. என் கொல்லையப் பாத்தியா? நெருப்பு மாதிரி கெடக்குது."

"அழுவ வரலடா கங்கப்பா."

"கொஞ்சம் முயற்சி பண்ணுண்ணா!"

சத்தம் கேட்டுத் திருமலையும் மற்றவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். "அழ வரலன்னா சிரிச்சுடுங்க ஐயா! அதுல என்ன கஷ்டம்?" என்றார் திருமலை.

"அதுவும் வரல."

"ரெண்டும் இல்லாம ஒரு மனுஷன் எப்படிங்க இருப்பான்?"

"இப்பத்தான் பாத்துகினு இருக்கேன்" என்றார் தீர்த்தகிரி.

கங்கப்பன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் தாடி வளர்ந்திருந்தது. அவனுக்குத் தான் ஒரு துரோகம் செய்யப் போவதுபோல் தீர்த்தகிரிக்கு இருந்தது. முதல் முகத்தை ஒரு தட்டுத் தட்டினால் போதும்; ஊர் பிழைத்துக்கொள்ளும். இத்தனை நாள் அழுதவர்தானே, ஒருநாள் சேர்த்து அழுதால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்தக் குரல் கேட்டுவிட்டுக் காத்திருந்தது. இவ்வளவு பேர் சுற்றி நின்று கத்தியும் அது ஒன்றுதான் பதிலுக்காகக் காத்திருந்தது. கிடைத்திருந்த தெம்பே இவ்வளவு கொஞ்சம். அதையும் மாற்றிச் சொல்லிவிட்டால் நாளைக்குத் தனக்கே தன் முகம் தெரியாமல் போய்விடும் என்று பயந்தார்.

நடு முகத்தை அழுத்தினார்.

"புரிகிறது. சொன்னதற்கு நன்றி" என்றது குரல்.

குரூப்பில் வாய் நேர்கோடாக இருந்த முகம் போய் விழுந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியவில்லை. விவசாயி வியாபாரியைப் பார்த்தார். வியாபாரி விவசாயியைப் பார்த்தார். மணிக்குப் போன் மேல் போன் போனது. "எனக்கென்னா தெரியும்? நான் எட போடறவன்" என்றான் மணி. பறிக்கலாமா வேண்டாமா என்று சொல்ல ஆளில்லை. கடைசியில் ஒவ்வொருவரும் எழுந்து வெளியே போனார்கள். கங்கப்பன் தன் கொல்லையில் இறங்கி, வெகுகாலத்துக்குப் பிறகு போனைப் பார்க்காமல் காயைப் பார்த்தான். பழுத்ததைப் பறித்தான். மண்டியில் அன்றைக்கு ரேட் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. லாரிகள் வந்தன, ஏற்றிக்கொண்டு போயின. பெங்களூரில் மறுநாள் ரசம் ஊற்றினார்கள்.

தீர்த்தகிரி அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து களி சாப்பிட்டார். "உப்பு கம்மி" என்றார். அவர் வாயிலிருந்து குறை ஒன்று வந்து மாதக்கணக்காயிற்று. செல்வம்மாள் உப்பை எடுக்க உள்ளே போனவள், ஓசூருக்குப் போன் போட்டு, "உங்கப்பா திட்டறாருடி!" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

மறுநாள் வாசலில் யாரும் இல்லை. வேப்பமரத்தடியும் காலி, தொட்டிப் பக்கமும் காலி. நேர்கோடாக வாய் வைத்திருக்கிற ஆளைத் தேடி யார் வருவார்கள்? அவர் கதவருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சரிதாவிடம் "இருக்கட்டும்மா" என்றபோதே இதற்குத்தான் பயந்திருந்தார். சாக்கு மறுபடி நனைவது போலிருந்தது. நாளைக்கு இரண்டாவது முகமாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். இருந்தால் இருக்கட்டும், அதையே அழுத்தலாம் என்றும் நினைத்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் கங்கப்பன் வந்தான். துண்டு தோளிலேயே இருந்தது. கொஞ்சநேரம் நின்றான். வானத்தைப் பார்த்தான். பிறகு வாசலில் கிடந்த ஒரு காலி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, எதிரில் உட்கார்ந்தான்.

"காய்தான் எல்லாம் ஏத்திட்டியே, எதுக்குடா வந்த?" என்றார் தீர்த்தகிரி.

"சும்மாத்தான்."

"நான் இன்னிக்கி அழவும் இல்ல, சிரிக்கவும் இல்ல."

"யாரு கேட்டா? எப்படிண்ணா இருக்க?" என்றான் கங்கப்பன். கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீர்த்தகிரி யோசித்துக்கொண்டிருந்தார். அவன் அவசரப்படவில்லை. பேச்சு தொடங்கினபோது இருட்டிவிட்டது. செல்வம்மாள் லைட்டைப் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, ஆகவே இதையும் சொல்லிவிடலாம்: தீர்த்தகிரியிடம் அன்றும் இன்றும் இருப்பது பட்டன் போன். அதில் பாம்பு விளையாட்டைத் தவிர வேறெதுவும் கிடையாது.